போதும் என்று நிற்கும் மனம்

தஞ்சோங் பகார் பிளாசா சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அம்மையார் எல்லாக் கடைகளிலும் விலை விசாரிப்பதில்லை. மூன்றாவது கடையில் காய் நன்றாயிருந்தால் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அன்பர்கள் இதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. மனிதனுக்கு நேரமும் குறைவு, கணக்கிடும் ஆற்றலும் குறைவு. ஆகவே ஆகச் சிறந்ததைத் தேடி அலையாமல், போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகிறான் என்று விளக்கியவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவரும் வில்லியம் சேஸும் 1973இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு சுவையானது. உண்மையான ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகையை ஐந்து விநாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை அப்படியே அடுக்கினார். புதியவரால் சிலவற்றையே அடுக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோதோ தேர்ந்தவரும் தடுமாறினார். பலகாலம் கண்டு பழகிய அமைப்புகளே அவருக்குக் கைகொடுத்தன. (வாய்ப்பாடு ஒப்பித்த மாணவர்களோடு காலம் கழித்த எனக்கு இதில் வியப்பில்லை.)

பழக்கம் கைவிடும் இடமும் உண்டு. அதை நம் செந்தோசாவிலேயே உலகம் பார்த்தது. 2024 டிசம்பர் 12ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷும் சீனாவின் டிங் லிரனும் உலகப் பட்டத்துக்கான 14ஆவது ஆட்டத்தில் அமர்ந்தனர். இருவருக்கும் தலா ஆறரைப் புள்ளி. ஆட்டம் சமனாகும் என்றே பலரும் நினைத்தார்கள். டிங்கிடம் நேரம் சுருங்கிவிட்டது. குகேஷிடமோ நிறைய மிச்சம். 55ஆவது நகர்த்தலில் டிங் யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டார். காய்கள் குறைந்தால் தொல்லை குறையும் என்பது பல ஆட்டங்களில் உதவுவதுதான். ஆனால் மூலையில் நின்ற அவருடைய மந்திரியையும் குகேஷ் மாற்றிக்கொள்ள வைத்தார். ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷுக்கு அது போதுமானதாயிற்று. 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். கடிகாரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், களைப்பும் இருந்திருக்கும்.

நம் வீட்டுக் கடிகாரத்தையும் இப்போது அந்நியர் ஓட்டுகிறார்கள். “நான் அதிகாரி பேசுகிறேன், பத்து நிமிடத்தில் பணத்தை மாற்றாவிட்டால் கணக்கு முடங்கும்” என்று தொலைபேசியில் மிரட்டுகிறார்கள். அதிகாரியின் சொல்லை மதிப்பதும், அவசரத்தில் முதலில் தோன்றியதைச் செய்வதும் மற்ற நாட்களில் நமக்கு நன்மை தரும் பழக்கங்களே. எல்லாவற்றுக்கும் ஆற அமர யோசித்தால் கத்தரிக்காய் வாடிவிடும். மோசடிக்காரனும் அந்தப் பழக்கங்களைத்தான் நம்பியிருக்கிறான்.

எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வந்தது. அட்டை எண்ணைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்ததால் தொலைபேசியை வைத்துவிட்டுத் தேடினேன். கண்ணாடி கிடைப்பதற்குள் புத்தி வந்துவிட்டது. ஐயம் எழுந்தால் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.