அய்யனாரின் மண் குதிரைப்படை

சாத்தூரைத் தாண்டி அச்சங்குளம் பக்கம் வருகிறவர்களுக்குப் பட்டாசு ஆலைகள்தான் முதலில் கண்ணில் படும். அதற்கு அப்பால் கரிசல் காடு. மழை பெய்தால் சோளம், கம்பு, குதிரைவாலி. பொய்த்தால் வெறும் வெடிப்பு. பட்டாசு காய வெயில் வேண்டும், வெள்ளாமைக்கு மழை வேண்டும் என்று வானத்திடம் இரண்டையும் கேட்கிற சீமை இது. இந்தச் சீமையில் கண்மாய்க்கும் விளைச்சலுக்கும் காவல் யார் என்று கேட்டால், பெரியவர்கள் அய்யனாரைத்தான் சொல்வார்கள்.

அவருடைய படையைப் பார்ப்போம்.  இந்தப் படையில் சாமியே குதிரையேறுகிறார். இரவில் கருப்பசாமி முதலான பரிவாரத்தோடு ஊர் எல்லையையும் கண்மாய்க் கரையையும் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. சாத்தூர் இருக்கும் இதே விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்தை ஒட்டிய மலையடிவாரத்தில் இருப்பவருக்கு நீர்காத்த அய்யனார் என்றே பெயர். காவலுக்கு வாகனம் வேண்டுமே! அதை ஊர் மக்கள் மண்ணில் செய்து கொடுக்கிறார்கள். அதுதான் புரவி எடுப்பு.

புரவி எடுப்பு பிடிமண்ணில் தொடங்குகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுத்துக் குதிரை செய்யச் சொல்வார்கள். வேளார் என்பவர் மண்பாண்டம் வனைகிறவர்; பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவரே. கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார். முதலில் நான்கு கால்கள், அவற்றின் மேல் உடல், பிறகு கழுத்தும் தலையும்.

உள்ளே முழுக்க வெற்றிடம். தடித்த அடை மேலே சிவந்தும் நடுவில் வேகாமல் இருப்பதைப் பார்த்திருப்போம். மண்ணும் அப்படித்தான். கனமாக இருந்தால் மேற்புறம் காய்ந்து, உள்ளே ஈரம் தங்கிவிடும். சூளையில் அந்த ஈரம் ஆவியாகிக் குதிரையைப் பிளந்துவிடும். அதனால்தான் ஆளுயரக் குதிரைக்கும் மெல்லிய சுவர். களிமண்ணோடு சேர்த்த மணலும் உமியும்கூட ஈரம் வெளியேற வழிவிடும்.

சுட்ட குதிரைக்கு வண்ணம் தீட்டி, கண் திறந்து, மாலை போட்டு, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மழைக்கும் விளைச்சலுக்கும் ஊர்ப்பொதுவில் ஒரு குதிரை. குழந்தை வரத்துக்கும் நோய் தீர்ந்ததற்கும் வீட்டுக்கு வீடு நேர்த்திக்கடனாகச் சிறு பொம்மைகள்.

இங்கேதான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். கோயில் வாசலில் காது உடைந்த குதிரை, கால் பெயர்ந்த குதிரை, மண்ணில் பாதி புதைந்த தலை. பார்த்ததும், “பராமரிப்பே இல்லை, ஊர் கைவிட்டுவிட்டது” என்று வருந்துகிறோம். அந்தக் குதிரைகள் பூசை வாங்கும் மூலவர் அல்ல. சாமிக்குக் கொடுத்து முடித்த காணிக்கை. கண் திறந்து, கோயிலில் சேர்த்த அன்றே நேர்த்தி நிறைவேறிவிட்டது. பிறகு அது வெயிலில் நிற்கலாம், மழையில் உதிரலாம். அடுத்த புரவி எடுப்பில் புதுக் குதிரை வந்து பக்கத்தில் நிற்கும். ஆகவே உடைந்த குதிரைகள் குவிந்து கிடக்கும் கோயில், தலைமுறை தலைமுறையாக நேர்த்தி செலுத்தப்பட்ட கோயில். கவலைப்பட வேண்டியது, புதுக் குதிரை ஒன்றுகூட இல்லாத கோயிலைப் பார்த்துத்தான்.

நிலைத்து நிற்கட்டுமே என்று இப்போது பல ஊர்களில் சிமெண்ட் குதிரை கட்டுகிறார்கள். அந்த எண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடையாத குதிரை வந்துவிட்டால் பிடிமண் கொடுக்க வேண்டியதில்லை, சூளை மூட்ட வேண்டியதில்லை. வேளார் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கைவேலை போய்ச் சேர வழியுமில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

மண் குதிரைக்குக் களிமண் எடுக்க அனுமதி வாங்குவது வேளார்களுக்கு நெடுநாள் தொல்லையாக இருந்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு கண்மாய் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்க, வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று எளிதாக்கியது. உங்கள் ஊரில் புரவி எடுப்புப் பேச்சு வந்தால், சிமெண்ட் மூட்டைக்கு விலை கேட்கும் முன்னால் வேளாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். மழைக்கு முன்பே கேளுங்கள்; மண் காய அவருக்கும் வெயில் வேண்டும்.