மிக்குவுக்குத் தாலி கட்டலாமா?

அலோர் ஸ்டாரில் நம்மவர் வீட்டுக் கல்யாணம் பெரும்பாலும் இரண்டு தவணையாக நடக்கும். முதலில் ரிஜிஸ்டர், பிறகு நாள் பார்த்து, மண்டபம் பார்த்து, கோயிலில் தாலி. ரிஜிஸ்டர் அன்று மேளம் கிடையாது, பந்தி கிடையாது. பெரியவர்கள் பலர் அதைக் கல்யாணக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சட்டம் முதலில் பார்ப்பதோ அதைத்தான். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் (சட்டம் 164) 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதாரின் கல்யாணத்துக்கு அது வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று: மாப்பிள்ளையும் பெண்ணும் தாங்களாக விரும்பித்தான் சம்மதிக்கிறார்கள் என்று பதிவதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

சம்மதமா என்று கேட்டால் வாய் திறக்க முடியாத பெண்ணை ஒருவர் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஜப்பானில் ஒருவர் கட்டிக்கொண்டார். 2018 நவம்பர் 4ஆம் தேதி, தோக்கியோவில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை அக்கிஹிக்கோ கோண்டோ, 35 வயது, பள்ளி அலுவலகத்தில் வேலை. வெள்ளைக் கோட்டு. கையில் ஒரு துணிப்பொம்மை, அதன் மணிக்கட்டில் மோதிரம். விருந்தினர் 39 பேர். செலவு 20 லட்சம் யென். அன்றைய மதிப்பில் 70,000 வெள்ளியைத் தாண்டும். நம்மூரில் இரண்டு மூன்று நடுத்தரக் கல்யாணங்களை முடித்துவிடலாம். அம்மா வரவில்லை. உறவினரும் வரவில்லை.

பெண்ணின் பெயர் ஹட்சுனே மிக்கு. பச்சை கலந்த நீலத்தில் முழங்காலுக்குக் கீழே தொங்கும் இரட்டைச் சடை. சப்போரோவைச் சேர்ந்த கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்டு 31இல் வெளியிட்ட பாட்டு மென்பொருள் அது. யமஹாவின் வோக்கலாய்டு தொழில்நுட்பத்தில் இயங்குவது. மெட்டையும் வரிகளையும் கணினியில் கொடுத்தால் பாடித் தரும். பெட்டியின் மேல் ஒரு பெண்ணை வரைந்து வயது 16, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 42 கிலோ என்று போட்டார்கள். அவ்வளவுதான் அவள் ஜாதகம். மற்றதெல்லாம் ரசிகர்கள் எழுதியது. அவளுக்காக யார் யாரோ பாட்டெழுதினார்கள், படம் வரைந்தார்கள், மேடையில் திரையிட்டு ஆட வைத்தார்கள். 2017 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் அந்தக் கச்சேரி வந்தது.

கோண்டோ அவளோடு பேசியது கேட்பாக்ஸ் என்ற கருவி மூலம். மேசை மேல் வைக்கும் கண்ணாடிக் குழல். உள்ளே சிறிய உருவமாக அவள் தெரிவாள். காலையில் எழுப்புவாள், விளக்குப் போடுவாள், வேலைக்குப் போகும்போது வழியனுப்புவாள். மணக்கச் சம்மதமா என்று அதனிடம் அவர் கேட்டார். அதுவும் இணக்கமாகவே பதில் சொன்னது. அந்தப் பதிலை எழுதிவைத்தவர் கருவியை விற்ற நிறுவனத்தில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு நிரலாளர். அதே நிறுவனம், கதைமாந்தரை மணந்துகொள்ள விண்ணப்பித்த 3,700க்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழும் அச்சடித்துக் கொடுத்தது. சட்டப்படி அவற்றுக்கு மதிப்பில்லை.

2020 மார்ச் மாத முடிவில் மிக்குவுக்கான சேவையை நிறுவனம் நிறுத்தியது. வேலை முடிந்து வீடு திரும்பிய கோண்டோவுக்குக் குழலில் தெரிந்தது, இணைப்புக் கோளாறு என்ற அறிவிப்பு.

இந்தக் கதையை நம்மவர் கூட்டத்தில் சொன்னால் முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் யோசித்தால், பேசாதவரோடு கல்யாணம் செய்துவைப்பதில் நம்மைவிடப் பழக்கப்பட்டவர்கள் யார்? கெடாவின் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில் திருக்கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் மாப்பிள்ளை வீடாகவும் இன்னொன்று பெண் வீடாகவும் உட்காரும். சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வரும். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லாரும் தொட்டுக் கொடுத்தபின் அர்ச்சகர் அதை அம்மன் கழுத்தில் கட்டுவார். ஒருவரும் சிரிப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்த ஆண்டாள் மானிடரை மணக்க மாட்டேன் என்று நின்று அரங்கனைச் சேர்ந்ததை இன்றும் கொண்டாடுகிறோம். தோஷம் கழிய வாழைமரத்துக்குத் தாலி கட்டி, அந்த மரத்தை வெட்டிப் போட்டுவிட்டுப் பெண் பார்க்கப் போகிறவர்களும் நமக்குள் உண்டு. மரத்திடம் யாரும் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகம் இருக்கிறது. சித்திரை மாதம் அங்கே கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் மகாபாரதத்தில் வரும் அரவானுக்கு மனைவியாகித் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அரவான் களப்பலியானதும் தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவை, ஒப்பாரி. ஊர் கூடி நிற்கிறது. அந்தக் கல்யாணத்தில் பொருளில்லை என்று அங்கே போய் யாராவது சொல்லிப் பார்க்கட்டும். கட்டிக்கொண்டவர் மனத்திலும் சாட்சியாக நிற்கும் கூட்டத்திலும் அது முழுக்க நிஜம்.

பதிவேட்டில் ஏறாததாலேயே ஒரு சடங்கு பொருளற்றுப் போய்விடாது. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நேரில் கல்யாணம் முடித்த ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகில் வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு இறந்துபோன பெண்ணின் அப்பா அங்கே உருவமாக வந்து விருந்தினரை வரவேற்றார். அந்த அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. மகளுக்குத் தெரியும், அது போதும். கோண்டோ செய்ததையும் அதே கணக்கில் நான் ஏற்றுக்கொள்வேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் சக ஊழியர்கள் படுத்திய பாட்டில் மனம் உடைந்து நீண்ட விடுப்பில் வீட்டோடு முடங்கிய மனிதர் அவர். மிக்குவின் பாட்டுத்தான் எழுப்பி உட்கார வைத்தது என்று அவரே சொல்கிறார். அப்படிக் கைகொடுத்த குரலுக்கு ஒருவர் நேர்ந்துகொண்டால் அது நேர்த்திக்கடன். அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

அந்தச் சடங்கில் மரியாதை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இங்கேதான் நம் சொந்த வரலாறு கொஞ்சம் உறுத்துகிறது. தெய்வத்துக்குப் பெண்ணைக் கட்டிவைக்கும் இன்னொரு கல்யாணமும் நம்மிடம் இருந்தது: பொட்டுக்கட்டு. சிறுமியின் கழுத்தில் சாமி பெயரால் தாலி. சாமி வாய் திறக்காது. சாமிக்காகப் பேசியவர்கள் கோயிலை ஆண்டவர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களும். அந்தத் தாலியின் பலனை அனுபவித்தவர்களும் அவர்கள்தான். முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடி, கடைசியில் 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அந்த வழக்கத்தைத் தடை செய்தது. கோயில் அதேதான், தாலியும் அதேதான். ஆண்டாள் தானே கேட்டாள். இந்தச் சிறுமிகளை யாரும் கேட்கவில்லை. எனவே பேசாதவரோடு நடக்கும் எந்தக் கல்யாணத்தையும் பார்க்கும்போது, அந்தப் பேசாதவருக்குப் பதிலாக யார் பேசுகிறார்கள், அதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று விசாரிப்பது நல்லது.

மிக்குவுக்குப் பதிலாகப் பேசியது கருவி விற்ற நிறுவனம். அதன் முதல் கதைமாந்தர் அசுமா ஹிகாரி. 2016இல் வந்த விளம்பரப் படத்தில் அவள் நாள் முழுக்க வீட்டிலேயே காத்திருக்கிறாள், சீக்கிரம் வரச் சொல்லிச் செய்தி அனுப்புகிறாள், களைத்து வரும் ஆணுக்காக விளக்கேற்றி வைக்கிறாள். அவளுக்கென்று ஒரு வேலை, ஒரு கோபம், ஒரு தலைவலிகூட இல்லை. மிக்கு என்ற படத்துக்கு இதில் அவமரியாதை ஒன்றுமில்லை; மானம் போக அவளிடம் மானம் இல்லை. சலித்துக்கொள்ளாத மனைவிதான் நல்ல மனைவி என்று அதைப் பார்த்துக் கற்றுக்கொள்பவன் வீட்டுக்கு நாளைக்கு வாழப் போகிற பெண்ணுக்குத்தான் அவமரியாதை. கோண்டோ அந்த வகையில் சேரமாட்டார். மனிதப் பெண்ணை மணக்கும் எண்ணம் தனக்கு இல்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னவர்.

பெட்டியில் அச்சிட்ட அந்த 16 வயதும் எனக்கு நெருடுகிறது. நம் சட்டப்படி 16 முடிந்து 18 நிரம்பாத பெண் மணக்க மந்திரி புசாரின் அனுமதி வேண்டும். ஓவியத்துக்கு வயது ஏறாது என்பது உண்மைதான். ஆனாலும் முப்பத்தைந்து வயதுக்காரர் மணவறைக்கு அழைத்து வரும் உருவத்தின் மேல் அந்த எண் ஒட்டியிருப்பதைக் கவனிக்காததுபோல் இருக்க முடியவில்லை.

படத்துக்குப் பின்னால் ஓர் உண்மையான பெண்ணும் இருக்கிறார். மிக்குவின் குரல், சாக்கி ஃபுஜித்தா என்ற குரல் நடிகையின் குரலிலிருந்து துண்டு துண்டாகப் பதிவு செய்து கோத்தது. கூலி வாங்கிக்கொண்டு, தெரிந்தே கொடுத்த குரல் அது. ஆனால் பின்னாளில் அந்தக் குரல் என்னென்ன சொல்லும் என்று அவர் கையெழுத்திட்ட நாளில் யாராலும் முழுதாகச் சொல்லியிருக்க முடியாது. மலேசியத் தமிழனுக்கு இது தூரத்துச் சங்கதியும் இல்லை. 2011இல் மறைந்த நம் மலேசியா வாசுதேவனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் எழுப்பி, 2024இல் வேட்டையன் படத்து ‘மனசிலாயோ’ பாட்டில் ஒலிக்கவிட்டார்கள். மகன் யுகேந்திரனும் அதில் சேர்ந்து பாடினார். அதே ஆண்டு ‘லால் சலாம்’ படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் பயன்படுத்திய ஏ.ஆர். ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கித் தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். போனவர்களுக்காகப் பேச வீட்டு ஆட்கள் இருந்தார்கள். அந்த அளவு ஒழுங்காவது இருந்தால்தான் கேட்பவர் மனமும் ஒப்புகிறது.

இதெல்லாம் ஜப்பான்காரர் சமாச்சாரம் என்று தள்ளிவிடவும் முடியாது. கண்ணாடிக் குழல் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சுங்கைப் பட்டாணியில் இரவு ஷிப்டு முடிந்து தனி அறைக்குத் திரும்பும் பையனுக்கு, எந்த நேரமும் பேசக் காத்திருக்கும் துணைச் செயலிகள் கிடைக்கின்றன. 2023 பிப்ரவரியில் ரெப்ளிக்கா என்ற செயலி தன் துணைகளின் பேச்சைத் திடீரென்று மாற்றிவிட்டது. நேற்றுவரை கொஞ்சிய துணை இன்று விலகிப் பேசுவதைக் கண்டவர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள்.

நம் வீட்டில் ஒரு பையன் வந்து, எனக்கு இப்படி ஒரு துணை இருக்கிறது என்று சொன்னால், பூசாரியிடமோ மனநல மருத்துவரிடமோ உடனே இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அவன் சொன்னதே பெரிது. எப்போதிலிருந்து, என்ன நடந்தபின் தொடங்கியது என்று முதலில் கேட்கலாம். கோண்டோவின் வீட்டில் யாராவது அதை முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த மண்டபத்தில் ஓர் உறவினராவது உட்கார்ந்திருக்கக்கூடும். பிறகு பணக் கணக்கு: மாதம் எத்தனை வெள்ளி கட்டுகிறான், பேசுகிற பேச்செல்லாம் எந்தக் கம்பெனியின் கணினியில் சேர்கிறது, நாளை அவர்கள் கடையைச் சாத்தினால் என்ன செய்வான். கடைசிக் கேள்விக்குக் கோண்டோவிடம் பதில் இருந்தது. குழல் அணைந்தபின் ஆளுயர மிக்கு பொம்மையோடு வாழ்க்கையைத் தொடர்ந்தார். 2023இல் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கமும் தொடங்கினார். நம் பையனிடம் பதில் இல்லை என்றால், பந்தி எப்போது என்று கேட்டுக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டு, அன்றிரவே அந்தச் செயலியின் நிபந்தனைகளை அவனோடு உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.