திறப்பு யார் கையில்?

மத்திய அமெரிக்காவிலே, பசிபிக் சமுத்திரக் கரையை அடுத்து, எல் சல்வடோர் என்னும் சிறிய நாடு ஒன்று உண்டு. எரிமலைகளுக்கும் கோப்பிப் பயிருக்கும் பெயர் பெற்ற அந்நாடு, 2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7 ஆந் திகதி, அதுவரை வேறெந்த நாடும் துணியாத காரியமொன்றைச் செய்தது. பிட்கொயின் என்னும் இலத்திரனியல் நாணயத்தை, அங்கு 2001 முதல் வழங்கிவரும் அமெரிக்க டொலரோடு சமமாக வைத்து, சட்டபூர்வமான பணம் என நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதனைப் பெற்றுக்கொள்ளும் தொழில்நுட்ப வசதி அறவே இல்லாதவர் நீங்கலாக, வியாபாரஞ் செய்வோர் அனைவரும் அதனை ஏற்றல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

இந்நாணயம் எத்தகையது? 2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்புகையில் இடையே வங்கி ஒன்று எதற்கு என்பதே அக்கட்டுரை எழுப்பிய வினா. அதற்கு அது கண்ட விடை, யாவரும் பார்க்கக்கூடிய ஒரு கணக்கேடு. உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் அவ்வேட்டின் பிரதிகள் உள்ளன. ஏறக்குறையப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்கின்றது. ஏட்டைத் திருத்தும் அதிகாரம் தனியொருவருக்கும் இல்லை.

ஆகவே, பிட்கொயின் உடையவரின் கையில் இருப்பது பணமன்று. ஒரு திறப்பு மட்டுமே. மிகப் பெரிய இரகசிய எண் ஒன்றுதான் அத்திறப்பு. நினைவில் வைத்தற்கு எளிதாக, 2048 சொற்கள் கொண்ட பட்டியலொன்றிலிருந்து எடுத்த பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களாக அதனை எழுதிவைப்பர். அச்சொற்களை அறிந்தவனே உடைமைக்காரன். எழுதிய கடதாசி தீயில் எரிந்து, வேறு பிரதியும் இல்லையாயின், முறையிடுவதற்கு முகாமையாளர் எவரும் இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரத்தவர் ஒருவரின் ஏறக்குறைய 8,000 பிட்கொயின்களுக்குரிய திறப்பு அடங்கிய கணினித் தட்டு, 2013 இல் தவறுதலாகக் குப்பை மேட்டுக்குப் போய்விட்டது. அம்மேட்டைத் தோண்ட இடந்தருமாறு அவர் தொடுத்த வழக்கை நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது.

இவ்வபாயத்தை அறிந்தும், திறப்பைப் பிறரிடம் கொடாதே என்று வற்புறுத்துவோர் ஒரு சாரார் உளர். தம் கணினியிலேயே கணக்கேடு முழுவதையும் வைத்திருந்து, ஒவ்வொரு பதிவையும் தாமே சரிபார்த்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இதனை வெறும் பிடிவாதம் என ஒதுக்கிவிட முடியாது. தோக்கியோ நகரில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் என்னும் பரிமாற்று நிலையம் 2014 இல் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 850,000 பிட்கொயின்கள் காணாமற் போனதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் மீட்கப்பட்டவை சுமார் 200,000 மாத்திரமே. 2022 நவம்பரில் எவ்.ரி.எக்ஸ். நிலையம் முறிந்தபோதும் அதே கதைதான். திறப்பை ஒப்படைத்தோர் கடன்கொடுத்தோர் வரிசையிலே நின்றனர்.

ஆனால் ஒரு நாட்டு மக்கள் அனைவரும் இவ்வாறு தத்தம் திறப்பைத் தாமே காப்பது இயலுமா? எல் சல்வடோரின் கதை சுவை பெறுவது இவ்விடத்திலேதான். சட்டம் 2021 யூன் மாதத்தில் நிறைவேறியது. செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. பன்னிரு சொற்களின் மருமத்தைச் சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டியும் கற்றுத் தேறுவதற்குக் கிடைத்த காலம், ஒரு பாடசாலைத் தவணையளவே! அரசாங்கம் அப்பாடத்தைக் கற்பிக்க முனையவில்லை; அதற்குப் பதிலாக ‘சிவோ’ என்னும் கைத்தொலைபேசிச் செயலியை வழங்கியது. அந்நாட்டுப் பேச்சுவழக்கில் ‘நன்று’ என்பது அச்சொல்லின் பொருள். பதிந்துகொண்டோர்க்கு 30 டொலர் பெறுமதியான பிட்கொயின் இனாமாகக் கிடைத்தது. ஆயின், திறப்பு மக்களிடம் வரவில்லை. செயலியை நடத்தியோரிடமே இருந்தது. இடையிலுள்ள காவலனை நீக்குவதற்கென்றே பிறந்த நாணயம், அரசாங்கத்தையே காவலனாக நிறுத்திக்கொண்டு வீடுகளுக்குள் நுழைந்தது.

முதல் நாட் காலையிலேயே சிவோ இயங்காது நின்றது. கணினிகளின் கொள்ளளவைக் கூட்டுவதற்காக நிறுத்தப்பட்டிருப்பதாக ஜனாதிபதி நயீப் புக்கேலே அறிவித்தார். வேறு சிலர் செயலியைத் திறந்தபோது, தம் அடையாள இலக்கத்தைக் கொண்டு யாரோ முன்னரே பதிந்து இனாமைப் பெற்றுச் சென்றமை தெரியவந்தது. அம்மாதம் 15 ஆந் திகதி தலைநகரில் எழுந்த ஆர்ப்பாட்டத்தில் சிவோ நிலையம் ஒன்று தீக்கிரையாயிற்று.

பொருளியலாளர் மூவர் 2022 இன் தொடக்கத்தில் 1,800 குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடத்தினர். செயலியைப் பெற்றவருள் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல், இனாமைச் செலவிட்டபின் அதனைத் தொடவேயில்லை என அவர்கள் கண்டனர். காசையே விரும்புவதாகவும் இதில் நம்பிக்கையில்லை எனவும் மக்கள் காரணங் கூறினர். அவர்களைப் பாமரர் என்று பழித்தல் நியாயமாகாது. அன்றன்றாடம் ஈட்டி அன்றே செலவிடுவோருக்கு, ஒரே நாளில் பத்திலொன்று குறையக்கூடிய பணம் எதற்கு? அமெரிக்காவில் உழைக்கும் உறவினர் அனுப்பும் பணம் அந்நாட்டு வருமானத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேலாகும். அதனை அனுப்பும் செலவு குறையும் என்பதே சட்டத்தின் சார்பாகக் கூறப்பட்ட வலுவான நியாயம். எனினும் 2022 இல் அவ்வழியாக வந்தது, அத்தொகையில் நூற்றுக்கு இரண்டு பங்கையேனும் எட்டவில்லை.

மக்கள் யாவரும் தொழில்நுட்பம் கற்றுத் தேர்ந்தாலும் வேறொரு முட்டுப்பாடு உண்டு. பிட்கொயின் கணக்கேடு ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஏழு கொடுக்கல் வாங்கல்களையே பதிய வல்லது; ஒரு நாளைக்கு ஆறு இலட்சம் என்க. எல் சல்வடோரின் சனத்தொகை அறுபது இலட்சத்துக்கு மேல். உலகில் வேறெவரும் பிட்கொயினைத் தொடாதிருப்பினும், அந்நாட்டவர் ஒவ்வொருவரும் ஒரேயொரு முறை பணங் கொடுப்பதைப் பதிவதற்குப் பத்து நாட்கள் செல்லும். இதற்கு மாற்றாக, சிறு கொடுப்பனவுகளை ஏட்டுக்கு வெளியே நடத்தும் ‘மின்னல் வலைப்பின்னல்’ என்னும் முறை வகுக்கப்பட்டது. அதனைத் தானே இயக்குதற்கு இன்னுங் கூடிய அறிவு வேண்டும். எனவே பெரும்பாலோர் மீண்டும் ஒரு காவலனையே நாடுகின்றனர்.

சட்டத்துக்கு முன்னரே, 2019 இல், எல் சொன்ரே என்னுங் கடற்கரைக் கிராமத்தில், பெயர் வெளியிடாத ஒருவரின் நன்கொடையால் பிட்கொயின் புழங்கத் தொடங்கியிருந்தது. கடற்கரையைத் துப்புரவு செய்த இளைஞர் அதிற் கூலி பெற்றனர்; கடைக்காரர் ஒவ்வொருவராகப் பழகினர். அங்கேயும் திறப்பு தனியாளிடம் இல்லை. ஊரறிந்த சிலரின் கூட்டுப் பொறுப்பில் இருந்தது. ஆயினும், கேள்வி கேட்கவேண்டின் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தலைநகரிலிருந்து வந்த செயலிக்கு அத்தகைய கதவு ஏது?

2024 டிசெம்பரில், சர்வதேச நாணய நிதியத்துடன் 140 கோடி டொலர் கடனுக்கான உடன்பாடு எட்டப்பட்டது. அதற்கிணங்க 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. பிட்கொயினை ஏற்பது அவரவர் விருப்பம் என்றாயிற்று. வரி செலுத்த அது உதவாது என்றுமாயிற்று. சிவோவிலிருந்து அரசாங்கம் படிப்படியாக விலகவும் ஒப்புக்கொண்டது. பணத்தைச் சிவோவில் விட்டு வைத்தவர், இனி அதன் பொறுப்பு யாரிடம் செல்லும் என்று பார்த்திருக்க வேண்டியவராயினர். பன்னிரு சொற்களைத் தாமே எழுதிவைத்திருந்த சிலருக்கோ, அத்திருத்தத்தால் மாறியது ஒன்றுமில்லை. அவர்கள் கடதாசி அவர்கள் பெட்டியிலேயே கிடந்தது.