இலவச மருத்துவமும் ஓட்டோக் கூலியும்

மாதத்தில் ஒருநாள் உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவவுக்குச் சீனி வருத்தம், பிரஷரும் இருக்கிறது. டொக்டர் பார்ப்பதற்கோ மருந்து தருவதற்கோ ஒருவரும் ஒரு சதமும் கேட்பதில்லை. ஆனால் சாட்டியிலிருந்து போய்வர ஓட்டோவுக்கு ஒரு தொகை. "இது இஞ்ச இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று எழுதித் தரும் துண்டுக்கு இன்னொரு தொகை. எனக்கு ஒருநாள் லீவு. போன மாதம் திரும்பி வரும்போது உம்மா கேட்டா: "சும்மா தாற மருந்தெண்டுதானே சொல்றாங்கள் மகன், பிறகேன் உன்ர காசு கரையுது?"

தமிழில் சிறப்புப் பட்டம் படித்தவனுக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் பார்த்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் அரச வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் நீக்கப்பட்டது. 1970களில் சில ஆண்டுகள் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கினார்கள். பிறகு அதுவும் போயிற்று. பல நாடுகளில் காப்புறுதி அட்டை செய்யும் வேலையை இங்கே வரிப்பணம் செய்கிறது. ஆகவே நமக்கு அட்டை இல்லை; ஆனால் காப்பு உண்டு. அந்தக் காப்பு வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் குறை. வாசலுக்குப் போகும் வழியும், அங்கே இல்லாத மருந்தும் நோயாளியின் தலையில்.

இதில் மாகாணத்துக்கு என்ன பங்கு? 1987இல் வந்த 13ஆம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்குத் தந்தது. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையும், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ். அதாவது தீவுவாசிக்கு மிகக் கிட்டிய வாசல்கள் எல்லாம் மாகாணத்தின் கையில்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே 2009இல் மாநில அரசே கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்று. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் இந்திய ரூபா வரை காப்பு. தனியார் மருத்துவமனையிலும் சத்திரசிகிச்சை செய்யலாம். ஆனால் மாதாமாதம் விழுங்கும் குளிசைக்கு அந்த அட்டை பெரிதாக உதவாது. அதற்கு வேறு இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். மருந்தை மொத்தமாக வாங்கி மருத்துவமனைகளுக்கு அனுப்ப 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்தார்கள். 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று சீனி வருத்தம், பிரஷர் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுபோகத் தொடங்கினார்கள். பெரிய வருத்தத்துக்கு அட்டை, நெடுநாள் வருத்தத்துக்கு அண்மை. நமக்கு உடனே வேண்டியது இரண்டாவது.

சாட்டிக்காவது பண்ணைப் பாலம் வழியே வாகனம் வரும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்தது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அது குறிகாட்டுவான் துறையோடு நிற்கும். மிச்சத் தூரம் கடல். சோழகம் அடிக்கும் மாதங்களில் அந்தக் கடல் எப்படி என்பதைத் தீவாரிடம் கேளுங்கள்.

ஆகவே மாகாணம் செய்யக்கூடியவை என எனக்குத் தெரிபவை மூன்று. முதலாவது, நெடுநாள் நோய்க்குரிய மருந்துகளுக்குப் பட்டியல் இட்டு, அவை கிட்டிய வைத்தியசாலையில் தீராமல் பார்ப்பது. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுப்பது. இரண்டாவது, இரவு பகல் ஆயத்தமாய் நிற்கும் நோயாளர் படகு. பெரிய வைத்தியசாலையில் இருந்து திரும்பி வரும் பயணத்துக்கும் உதவி. மூன்றாவது, இடம் மாறினாலும் கூடவே வரும் நோயாளர் பதிவு. 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். உம்மாவின் கிளினிக் கொப்பி புத்தளத்தில் தொடங்கியது. இங்கே வந்தபின் எல்லாச் சோதனையும் மறுபடி முதலிலிருந்து.

"மாகாண சபையே இல்லையே" என்பீர்கள். உண்மை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது; அதன்பின் ஆளுநர் நிர்வாகம். பணமும் பெரும்பாலும் மத்தியில் இருந்தே வரவேண்டும். ஆனாலும் ஒரு மாகாணம் வழிகாட்டலாம் என்பதற்குக் கனடா சாட்சி. சஸ்காச்சுவான் மாகாணம் 1947இல் வைத்தியசாலைக் காப்புறுதியையும் 1962இல் மருத்துவர் கட்டணக் காப்புறுதியையும் தானே தொடங்கியது. மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நின்றது. 1966இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. நான் கேட்பது அவ்வளவு பெரிதும் இல்லை. புதிய காப்புறுதி வேண்டாம். இருக்கும் காப்பு வீட்டுக்குக் கிட்ட வரட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. ஜும்ஆ முடிந்ததும் யாருடையதோ இருதய சத்திரசிகிச்சைக்காகத் துண்டு விரிக்கிறோம். அது நன்மைதான். ஆனால் அதே நோயாளி சனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்தாரா என்று கேட்பவர் குறைவு. 2025 முதல் அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் வெள்ளிதோறும் பள்ளிவாசல் முற்றத்தில் இருந்தால், ஸகாத் பணம் வேறு வழியே இல்லாதவருக்கு மிஞ்சும்.

உம்மாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன்: "மருந்துதான் இலவசம் உம்மா, தூரம் இலவசமில்லை." அவ சிரிக்கவில்லை. "அப்ப தூரத்தைக் குறைக்கச் சொல்லி எழுது" என்றா. எழுதிவிட்டேன்.