பொன்மலையும் மின்சார வண்டியும்

நீராவி எஞ்சினால் பெயர் பெற்ற ஊர் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்த ரெயில்வே தொழிற்சாலை 1928-ஆம் ஆண்டில் இங்கே வந்தது முதல், எஞ்சின்களைப் பழுது பார்ப்பதே இவ்வூராரின் தொழிலாயிற்று. தண்டவாளத்தில் நீராவி போய் டீசல் வந்தது. அதன் பின் மின்சாரமும் வந்தது. அம்மாறுதல் இப்பொழுது தெருவுக்கும் வருகின்றது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2019-இல் மின்சார வாகனக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2023-இல் அதனைத் திருத்தியமைத்தபோது, இவ்வண்டிகளுக்கு முன்மாதிரியாக விளங்க வேண்டிய ஆறு நகரங்களுள் ஒன்றாகத் திருச்சிராப்பள்ளியையும் குறித்தது.

இதனால் விளையும் நன்மை யாது? பெட்ரோல் எஞ்சின், தான் குடிக்கும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மின்சார மோட்டாரோ, பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் கொடுக்கிறது. ஆயினும் இதைக் கொண்டு மட்டும் முடிவு கட்டிவிடலாகாது. அம்மின்சாரம் எங்கே பிறந்தது என்றும் கேட்க வேண்டும். அனல் மின்நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதைக் கொண்டு வண்டி ஓட்டினால், பாலக்கரையில் அடங்கிய புகை மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ புகைபோக்கி வழியே எழும்.

காற்றுக்கும் வெயிலுக்கும் நம் நாட்டில் குறைவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அக்காற்றை முப்பந்தலில் காற்றாலைகள் மின்சாரமாக்குகின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இல் அமைந்தது. ஆனால் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை வலுத்துப் பின் தளரும். வெயில் மாலையில் மறையும். மிகுந்த மின்சாரத்தைக் கொண்டு நீரை மேலேற்றி வைத்து, வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் பொருட்டே, நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின்திட்டத்தை அரசாங்கம் மேற்கொண்டது.

வேலை முடிந்து வீடு திரும்பிய யாவரும் இரவு ஏழு மணிக்கு வண்டிக்கு மின்னேற்றத் தொடங்கினால், பெரும்பாலும் நிலக்கரியே கைகொடுக்க வேண்டியிருக்கும். அவ்வண்டிகள் நண்பகலில் என் செய்கின்றன? தொழிற்சாலை வாயிலில், கொட்டகை நிழலில் சும்மா நிற்கின்றன. அக்கொட்டகையின் மேல் சூரியத் தகடுகளைப் பரப்பினால், அங்கேயே அவற்றுக்கு மின்னேற்றலாம். ஆதலின், மின்னேற்றும் நிலையங்கள் நெடுஞ்சாலைகளில் மட்டுமன்றி, மக்கள் பகற்பொழுதைக் கழிக்கும் தொழிற்சாலை, கல்லூரி, அலுவலகம் ஆகிய இடங்களிலும் அமைதல் வேண்டும் என்பது என் கருத்து.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, கார்புரேட்டர் இல்லை, மாற்றுவதற்கு எஞ்சின் எண்ணெயும் இல்லை. அவற்றை நம்பிப் பிழைக்கும் தெருவோர மெக்கானிக்கின் கதி என்ன? நீராவியோடு பழகிய பொன்மலைத் தொழிலாளர் டீசல் எஞ்சினைக் கற்றுக்கொண்டபோது, மாதச் சம்பளமும் தொழிற்சாலையின் துணையும் அவர்களுக்கு இருந்தன. தெருவோர மெக்கானிக்குக்கு அவ்விரண்டும் இல்லை. ஒரு நாள் கடையை மூடினால் அன்றைய கூலி போயிற்று. வண்டி வாங்குவோருக்கு வரிச் சலுகை அளித்த அரசாங்கம், அவ்வண்டியைப் பழுது பார்க்கக் கற்கும் காலத்துக்கு இவர்களுக்கும் உதவித்தொகை அளிக்குமாயின், புதிய வண்டியினால் பழைய கைகள் வேலையிழக்க மாட்டா.