நடத்தையைப் படிக்கும் கல்வி: சேருமுன் சில வினாக்கள்

எண்ணூர் விரைவுச் சாலையோரம் வசிப்போருக்குத் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் ஒலி பழகிப்போன ஒன்று. ஆயின், ஆட்டிசம் எனும் வளர்ச்சி வேறுபாடுள்ள குழந்தைக்கு அதே ஒலி தாங்கொணா வேதனையாகலாம். காதுகளைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையை 'அடங்காப் பிள்ளை' என்று பழிப்பாரும் உளர். 'கண்ணேறு' என்பாரும் உளர். காரணத்தை ஆராய்வோர் சிலரே.

அலறலுக்கு முன் நிகழ்ந்தது என்ன, குழந்தை செய்தது என்ன, அதன்பின் கிடைத்தது என்ன என்று மூன்றையும் நாள்தோறும் குறித்துவைத்துக் காரணம் காணும் கல்வியே நடத்தைப் பகுப்பாய்வு. அலறினால்தான் உள்ளறைக்கு அழைத்துச் செல்வர் எனக் குழந்தை கற்றுவிட்டதாகக் கொள்வோம். காதைத் தொட்டுக் காட்டிய உடனேயே அழைத்துச் சென்று பழக்கினால், நாளடைவில் அலறலின் வேலையை அந்தச் சைகையே செய்யக்கூடும்.

அமெரிக்க உளவியலார் பி.எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளில் வேரூன்றிய இத்துறைக்கு 1968இல் தனி ஆய்விதழ் தோன்றியது. 1987இல் லோவாஸ் என்னும் அறிஞர், வாரம் 40 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பெரும் முன்னேற்றம் கண்டதாக வெளியிட்டார். ஆனால், அன்றைய பயிற்சியில் தண்டனையும் கலந்திருந்தது. பிறரைப் போல நடிக்கவே தாங்கள் பழக்கப்பட்டோம் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் பின்னாளில் வருந்தியுள்ளனர். எனவே, இதைக் கற்பவர் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இப்பயிற்சியால் நிம்மதி பெறுவது குழந்தையா, சுற்றியிருப்போரா?

உங்கள் மகனோ மகளோ இக்கல்வியை நாடினால், சான்றிதழ் பற்றியும் விசாரியுங்கள். 1998இல் தோன்றிய அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம், 2023 முதல் இந்தியாவில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. வேறு வெளிநாட்டு அமைப்புகளின் சான்றும் நம் நாட்டுச் சட்டப் பதிவுக்கு ஈடாகாது. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் போன்றோர் பதிவு செய்கின்றனர். நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற தனிப் பிரிவு அதில் இல்லை. ஆதலால், கழகம் ஏற்ற படிப்பொன்றை முதலில் முடித்து, அதன்மேல் இப்பயிற்சியைப் பெறுவதே பாதுகாப்பான வழி. நகருக்குத் தெற்கே முட்டுக்காட்டிலுள்ள, 2005இல் நிறுவப்பட்ட தேசிய பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இத்தகைய படிப்புகளை நடத்துகிறது.

குழந்தைக்காக உதவி தேடுவோரும் விளம்பரப் பலகையைக் கண்டு மயங்க வேண்டா. ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் முதலில் மருத்துவரைக் காணுங்கள். பின்னர்ப் பயிற்சி மையத்தில் மூன்றைக் கேளுங்கள்: பயிற்றுநரின் பதிவு எண் என்ன? அன்றாடக் குறிப்பேட்டைப் பெற்றோர் பார்க்கலாமா? குழந்தை மறுத்தால் என்ன செய்வீர்கள்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகே பணம் கட்டுங்கள்.