டீசல் ஃபில்டரைக் கவனித்தால் இன்ஜெக்டர் செலவு மிச்சம்

அறுவடை நேரம். வயலில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் திணறித் திணறி நின்றுவிடுகிறது. டேங்கில் டீசல் இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீரும் கருப்புச் சேறும் தேங்கியிருக்கின்றன. வானம் கருத்து நிற்கும்போது அரை நாள் வேலை கெட்டால் எவ்வளவு நஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தச் சேறு ஃபில்டரோடு நின்றுவிட்டால் உங்களுக்கு நல்ல நேரம். அதைத் தாண்டிப் போய்விட்டால் பம்பும் இன்ஜெக்டரும் பழுதாகும். ஃபில்டர் விலை சில நூறு ரூபாய்தான். காமன் ரெயில் இன்ஜினில் ஒரே ஒரு இன்ஜெக்டரை மாற்றினாலே பல ஆயிரம் ரூபாய் போய்விடும்.

ஏன் இவ்வளவு கவனம்?

பழைய டிராக்டர்களில் நாசில் திறப்பதற்கு ஏறத்தாழ 200 பார் அழுத்தம் போதும். காமன் ரெயில் இன்ஜினிலோ அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் லாரி, பிக்கப் வண்டிகளில் இந்த முறையே பரவலாகிவிட்டது. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கும் புகை விதிகள் கடுமையானதால், அவற்றிலும் காமன் ரெயில் வந்துவிட்டது.

இந்த இன்ஜெக்டருக்குள் உரசி ஓடும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத தூசி, அங்கே உப்புத்தாள் போலத் தேய்க்கும். தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். பம்புக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பது டீசல்தான் என்பதால், நடுவில் தண்ணீர் வந்தால் அந்தப் பசையும் போய்விடும்.

கேனில் தொடங்குங்கள்

பங்கில் நல்ல டீசல் வாங்கினாலும் கேன், பேரல், டேங்க் என்று மாறும்போது அது கெடுகிறது. பகலில் சூடாகி இரவில் குளிரும் டேங்கில், டீசல் இல்லாத வெற்றிடத்தில் உள்ள காற்றின் ஈரம் வியர்த்து நீராகிறது. எனவே, காலையில் டீசல் ஊற்றும் பழக்கத்தை மாற்றி, மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வையுங்கள்.

வெட்டவெளியில் பேரலை நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். இரவில் பேரல் குளிரும்போது, இறுக்கமில்லாத மூடி வழியாக அந்த நீர் உள்ளே இழுக்கப்படும். பேரலை நிழலில், மழை படாத இடத்தில் வையுங்கள். புதிதாக நிரப்பிய பேரலை ஒரு நாள் அசையாமல் விட்டு, அடியிலிருந்து மூன்று, நான்கு அங்குலம் விட்டு மேலேயுள்ள டீசலை மட்டும் எடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடும். துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரம் டீசலுக்கு ஆகாது.

வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். துணி இலை தழையைத்தான் நிறுத்தும். நுண்தூசியையும் நீரையும் நிறுத்தாது. போதாக்குறைக்குத் துணியின் பிசிறும் டேங்குக்குள் போகும். நெருக்கமான வலை வைத்த புனல் மேல்.

கூடுதல் ஃபில்டர் பொருத்தலாமா?

பழைய டிராக்டர், லாரி, பம்புசெட் இன்ஜின்களில் தாராளமாகப் பொருத்தலாம். டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவே, அடியில் கிண்ணமும் வடிகால் திருகும் உள்ள வாட்டர் செப்பரேட்டரை வையுங்கள். அதில் 10 முதல் 30 மைக்ரான் வரையுள்ள ஃபில்டர் போதும். 2 மைக்ரான் நுண்ணிய ஃபில்டரை இந்த இடத்தில் வைத்தால் பம்பு இழுக்க முடியாமல் இன்ஜின் திணறும். நுண்ணிய ஃபில்டருக்குரிய இடம் ஃபீடு பம்புக்கு அடுத்துதான்.

வாங்கும்போது, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் அதன் வழியே போகும் என்று பாருங்கள். உங்கள் இன்ஜினின் தேவையைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. டீசல் தாங்கும் ஹோஸ், பழைய குழாயின் அதே உள்விட்டம், நல்ல கிளாம்ப் ஆகிய மூன்றும் சரியாக இருக்க வேண்டும். சைலன்சருக்கு அருகில் பொருத்தக் கூடாது. வடிகால் திருகு கைக்கு எட்டும்படி இருக்கட்டும். எட்டாத இடத்தில் வைத்தால் யாரும் திறக்கமாட்டார்கள்.

காமன் ரெயில் வண்டி என்றால் நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். வாரண்டி உள்ள வண்டிக்கு டீலரிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஃபில்டர் மாற்றும்போது

புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது பட்டறைப் பழக்கம். நுண்ணிய ஃபில்டரில் இதைச் செய்தால் வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்கு நேராகப் போய்விடும். காலியாக மாட்டி, கைப்பம்பை அடித்து ஏர் எடுப்பதே சரி. ஓடும் காமன் ரெயில் இன்ஜினில் டீசல் லைனை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

பழைய ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவியோ, காற்றடித்தோ மீண்டும் மாட்டினால் காகிதம் கிழிந்து, இருந்தும் இல்லாததாகிவிடும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்கு வண்டியின் கையேடுதான் கணக்கு. புழுதி உழவும் பேரல் டீசலும் என்றால் அதற்கு முன்பே மாற்றுங்கள்.

குளிரில் உறையும் மெழுகு

தேங்காய், முட்டை, வெல்லம் ஏற்றி வடக்கே போகும் லாரிகளுக்கும், உறைபனிக் காலத்தில் நீலகிரியில் காய்கறி ஏற்றுவோருக்கும் இது கூடுதல் கவலை. டீசலில் இயற்கையாகவே மெழுகு உண்டு. குளிர் கூடினால் அது துகளாகித் திரண்டு முதலில் ஃபில்டரைத்தான் அடைக்கும். கிண்ணத்தில் டீசல் பால் கலந்ததுபோல் மங்கித் தெரிந்து, வெயில் ஏறியதும் இன்ஜின் தானாகச் சரியானால் மெழுகுதான் காரணம்.

இந்தியத் தர விதிப்படி, ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி செல்சியஸ் வரையும், குளிர்கால டீசலுக்கு 6 டிகிரி வரையும் இருக்கலாம். லடாக்குக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்திய தனி டீசல், மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும். ஆகவே தெற்கில் நிரப்பிய டேங்கோடு குளிர்ப் பகுதியில் இரவைக் கழிக்காதீர்கள். போகும் வழியில் டேங்கைக் குறைத்துக்கொண்டு, இருட்டும் முன் அந்த ஊர் டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி அந்தப் பக்கம் போகும் வண்டிக்கு, ஃபில்டரின் தலையில் பொருத்தும் மின் ஹீட்டர் உதவும். குளிர்ந்ததும் தானாக இயங்கி, சூடானதும் நிற்கும் வகையாகப் பாருங்கள். வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்பதைக் கவனித்து, தனி ஃபியூஸும் ரிலேயும் போட்டுத்தான் இணைக்க வேண்டும். ரேடியேட்டர் வெந்நீரில் இயங்கும் ஹீட்டர் ஓட்டத்தில் நன்றாக உதவும். ஆனால் விடியற்காலை முதல் ஸ்டார்ட்டுக்கு அது பயன்படாது.

டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதும், மண்ணெண்ணெய் கலப்பதும் கூடவே கூடாது. முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது எண்ணெய்ப் பசையைக் குறைத்துப் பம்பைத் தேய்க்கும்.

காலையில் ஒரு நிமிடம்

தினமும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், செப்பரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் நின்று தெளிந்த டீசல் வந்ததும் மூடிவிடுங்கள். தினமும் தண்ணீர் வந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்கையும் பேரலையும் கழுவ வேண்டிய நேரம் அது. வாடகை டிராக்டர் ஓட்டுபவர்கள் ஒரு நோட்டில், ஃபில்டர் மாற்றிய தேதியையும் மீட்டரில் உள்ள மணி நேரத்தையும் எழுதி வைத்தால், அடுத்த முறை எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.